இரண்டு மவுஸும் ஒரு சாண் மேசையும்

என் மேசை முன்பு ஒரு தையல் மெஷினுடையது. ஆலங்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கடையில் எனக்கு முன்னால் இருந்தவர் தையல்காரர். திருப்பூருக்குப் போனபோது மெஷினை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பலகையையும் இரும்புக் காலையும் விட்டுவிட்டுப் போனார். மெஷின் இருந்த ஓட்டைக்கு மேல் ஒரு பிளைவுட் துண்டை அடித்து, அதில் மானிட்டரையும் கீபோர்டையும் வைத்துத்தான் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கீழே மிதிகட்டை இன்னும் வேலை செய்கிறது. எதையாவது நினைத்துப் பயம் வந்தால் என் கால் தானாக அதை மிதிக்க ஆரம்பித்துவிடும். சக்கரம் சும்மா சுற்றும்.

"இன்னைக்கு எத்தனை சட்டைங்க தச்சீங்க?" என்று பின்னால் உட்கார்ந்து பேனர்களுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருக்கும் என் மனைவி கேட்பாள்.

அந்த வாரம் ஊருக்கே தைத்திருப்பேன். வலது கைக் கட்டைவிரலின் அடியில் வலி. முதலில் சுளுக்கு என்று நினைத்தேன். பிறகு காலையில் பல் தேய்க்கும்போதே வலித்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மவுஸைக் கிள்ளுற மாதிரி பிடிக்கிறீங்க. உள்ளங்கை முழுசும் அது மேல படுக்கணும். இப்பிடியே விட்டா அப்பறம் கையத் தூக்கவே முடியாது" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தக் கை பழகிய வேலையைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. கை போனால் என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன், சாப்பிடும்போது யோசித்தேன். டீக்கடைக்காரர் இடது கையால் டீ ஆற்றுகிறாரா என்றுகூடப் பார்த்தேன்.

புதுக்கோட்டையில் நான் எப்போதும் போகும் கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டும் கேம் விளையாடுகிறவர்கள் வாங்கும் மவுஸ். நான் விளையாடுவதில்லை என்றேன்.

"நீங்க விளையாட வேணாம்ணே. நாள் பூரா கிளிக் பண்றவங்களுக்கு இதுதான் தாங்கும்."

ஒன்று பெரியது. வயர் உள்ளது. கட்டைவிரல் சாய்ந்துகொள்ள ஒரு மேடு. மற்றது சின்னது, வயர் இல்லை, தீப்பெட்டியைக் கொஞ்சம் ஊதிவிட்ட மாதிரி இருந்தது. எதை எடுப்பது என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். அவருக்கு என்னைத் தெரியும். "ரெண்டையும் கொண்டுபோங்க. வச்சுப் பாத்துட்டு சனிக்கிழமைக்குள்ள ஒண்ணத் திருப்பிக் குடுங்க. பெட்டி கிழியாம இருக்கணும்" என்றார். உதவிதான் செய்தார். ஆனால் எனக்கு ஒரு கவலை இரண்டாகிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டிகள் நசுங்காமல் மடியில் வைத்து, யாரோ ஒருவர் சாக்கு மூட்டையை என் பக்கம் நகர்த்தும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பெரியதில் கையை வைத்தவுடனே தெரிந்தது. உள்ளங்கை அப்படியே படுத்துக்கொண்டது. தோள்பட்டை வரை ஒரு தளர்வு. ஆனால் என் மேசையில் மவுஸுக்கு இருப்பது ஒரு சாண் இடம்தான். திரையில் ஒரு முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தால் கீபோர்டில் முட்டும், அந்தப் பக்கம் இழுத்தால் பலகை முடிந்துவிடும். சின்னது அந்த ஒரு சாணுக்கென்றே செய்த மாதிரி ஓடியது. அதில் விரலால் உருட்டும் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் கை கொஞ்சம் அசைந்தாலே திரையில் அம்பு நீளமாக ஓடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அமுக்கினேன். முன்னாள் ஊராட்சித் தலைவர் ஒருவரின் மீசை பாதி போய்விட்டது. பழையபடி மாற்றிவிட்டேன். சாயங்காலம் ஆனதும் கட்டைவிரல் மறுபடி விண்விண் என்று தெறித்தது. சின்ன மவுஸையும் கிள்ளித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

"பெருச வச்சுக்கங்க. இதுல என்ன யோசன?" என்றாள் மனைவி.

"எடம் இல்லயே."

"எடம் இருக்கு. அதுல ஊர்க்காரங்க கை இருக்கு."

அவள் சொன்னது உண்மை. பேனர் அடிக்க வருகிறவர்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. குடும்பத்தோடு வருவார்கள். என் பக்கத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். யார் முகம் எங்கே, எந்த அளவு என்று முடிவாகும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். முழங்கை என் மேசையில் இருக்கும். போன், கண்ணாடிக் கூடு, பத்திரிகை, சில சமயம் டீ டம்ளர் எல்லாம் என் மேசையில்தான். இத்தனை வருஷத்தில் ஒருவரிடம்கூடக் கையை எடுங்கள் என்று நான் சொன்னதில்லை. சொன்னால் முகம் சுளிப்பார்களோ, எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம். ஆக, பெரிய மவுஸ் என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும். சின்ன மவுஸ் என்றால் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பொறுத்துக்கொள்வதுதான் சுலபமாகப் பட்டது. சின்னதையே வைத்துக்கொள்வது என்று வெள்ளிக்கிழமை காலையில் முடிவு செய்துவிட்டேன்.

அன்று முற்பகல் வல்லத்திராக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் பிள்ளைக்குக் காதணி விழா பேனர் அடிக்க வந்தார்கள். பத்திரிகையைச் சாமி காலில் வைத்துவிட்டு நேரே வந்ததால் மஞ்சள் பையில் வெற்றிலை, பழம், உடைத்த தேங்காய் எல்லாம் இருந்தன. அந்த அம்மா பத்திரிகைகளை என் மேசையில் பரப்பினார். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவது. அதனால் தன் அண்ணன் படம் பெரிதாக வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் பெருசு பண்ணுங்கண்ணே."

பண்ணினேன்.

"இன்னுங் கொஞ்சம்."

கணவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "ஒங்கண்ணன் மடியில புள்ள இருக்கா, இல்ல மீசையில இருக்கான்னே தெரியல" என்றார்.

"ஒங்கண்ணன் படம் ரெண்டு எடத்துல இருக்கே, அதச் சொன்னமா?"

"அண்ணே, ஒண்ண எடுத்துருங்க" என்றார் கணவர் என்னிடம். எந்த அண்ணனை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. எங்கள் கடைக்கு ஜன்னல் கிடையாது, ஷட்டர் வழியாக வரும் வெளிச்சம்தான். யூபிஎஸ் கத்தி ஓய்வதற்குள் வேலையைச் சேமித்து, அணைத்து, பின்பக்கம் போய் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தேன். "வாட்சப்புல அனுப்புங்கண்ணே, வீட்டுல வச்சு முடிவு பண்ணிக்கிறோம்" என்று அவர்கள் மேசையில் இருந்ததையெல்லாம் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள்.

கரண்ட் வந்தபோது மேசையில் சின்ன மவுஸ் இல்லை.

மிதிகட்டைக்குக் கீழே பார்த்தேன். வெட்டிப் போட்ட ஃபிளெக்ஸ் குப்பையைக் கொட்டித் தேடினேன். பெட்டிக்குள்கூடப் பார்த்தேன். மனைவி போனைக் கையில் எடுத்தாள். "அவுங்க பையிலதான் போயிருக்கும். கேட்டுரலாம்."

நான் தடுத்துவிட்டேன். நல்ல காரியத்துக்கு வந்தவர்களிடம், எங்கள் பொருள் உங்கள் பையில் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? எவ்வளவு பதமாகக் கேட்டாலும் அது வேறு கேள்வியாகத்தான் போய்ச் சேரும். காதுகுத்து வீட்டில் அதுவே பேச்சாகிவிடும். நாளைக்குச் சனிக்கிழமை, பெட்டி மட்டும் இருக்கிறது. கால் மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் மூன்று பேர் வந்தார்கள். கண்ணீர் அஞ்சலி பேனர். அவர்கள் அப்பா அன்று காலையில் தவறியிருந்தார். பந்தல் போடுவதற்குள் வேண்டும். மூத்த மகன் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் இருந்த படத்தைக் காட்டிவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி நெற்றியைத் தாங்கிக்கொண்டார். என் ஒரு சாணில் பாதியை அந்தக் கை எடுத்துக்கொண்டது.

பழைய மவுஸ் ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுங்கும். பெரியதைத்தான் மாட்டினேன். படத்தில் அவர் அப்பா கூட்டத்தோடு நின்றிருந்தார், பக்கத்தில் இருந்தவரின் தோளிலிருந்து முகத்தைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பக்கத்தில் வரும்போது மவுஸ் அந்த முழங்கையில் முட்டியது. கோடு கன்னத்துக்குள் போனது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி முட்டியது. இறந்தவரின் முகத்தை நான் இப்படிக் கோணலாக வெட்டிக்கொண்டிருக்க, அதை மகன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, கை மட்டும் கொஞ்சம் அங்கிட்டு..."

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு அந்தக் காது கொஞ்சம் மடங்குனாப்புல இருக்கும். அப்பிடியே விட்டுருங்க" என்றார். விட்டேன். மவுஸ் பலகையின் ஓரம் வரை போய்த் திரும்பி வந்தது. கோடு கழுத்தில் வந்து முடிந்தபோதுதான் என் கால் நின்றுபோயிருப்பது தெரிந்தது.

அவர்கள் போனதும் வழக்கம்போலக் கவலை ஆரம்பித்தது. துக்க வீட்டுக்காரரிடம் போய் அப்படிச் சொன்னேனே, மனசில் வைத்துக்கொண்டிருப்பாரோ என்று மனைவியிடம் கேட்டேன்.

"அவருக்கு அப்பா போயிட்டாருங்க. ஒங்க மேசைய நெனைக்கவா நேரம்?"

சாயங்காலம் வல்லத்திராக்கோட்டை அம்மா கூப்பிட்டார். குரலில் ஒரு பதற்றம். "அண்ணே, எங்க பைக்குள்ள என்னமோ சேப்பா, பச்சையா மின்னுதுண்ணே. பஸ்ஸு குலுங்குறப்பல்லாம் மின்னுச்சு. எங்க வீட்டுக்காரரு கேமராங்குறாரு. உள்ள கொண்டுபோகாம வாசல் முருங்க மரத்துல மாட்டி வச்சிருக்கோம்."

பின்னால் கணவரின் குரல் கேட்டது. "ஒங்கண்ணன் கண்ணுதான் அது. படத்தப் பெருசு பண்ணிட்டாங்களான்னு பாக்குது."

மவுஸ்தான், என்னுடையதுதான், தொட்டால் ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். "ஐயோ, வேலையக் கெடுத்துட்டமேண்ணே" என்று அவர்தான் வருத்தப்பட்டார். மறுநாள் காலை புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் வல்லத்திராக்கோட்டை நிறுத்தத்தில் கணவர் காத்திருந்து, ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கிருந்து டவுன் வரை எதை வைத்துக்கொள்வது என்று மறுபடியும் யோசித்தேன். சின்னது பெட்டியோடு என் மடியில் இருந்தது, பெரியதையும் பையில் எடுத்து வந்திருந்தேன். அதை வைத்துக்கொண்டால் இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த நினைப்பே இதமாகத்தான் இருந்தது. பஸ் நிலையத்தில் இறங்க எழுந்தபோது பெட்டியை வலது கையில் பிடித்தேன். கட்டைவிரலில் சுரீர் என்றது. இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கடைக்காரரிடம் சின்னதைத்தான் கொடுத்தேன். அவர் பெட்டியைத் திறந்து மவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கிட்டே கொண்டுபோனார். "என்னண்ணே, தேங்கா வாசம் வருது. பூச போட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே துணியால் துடைத்து உள்ளே வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் வைக்கும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலி இப்போது பாதியாகியிருக்கிறது. முழுதாகப் போகுமா என்று தெரியவில்லை, டாக்டரிடம் கேட்கவும் பயம். இன்று காலையில் கபடிப் போட்டி பேனருக்கு ஐந்து பேர் வந்து பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் முழங்கையை ஊன்றினார்.

"தம்பி, கை கொஞ்சம் அங்கிட்டு" என்றேன்.

எடுத்துவிட்டார். போகும்போது சொல்லிக்கொண்டு போனாரா இல்லையா என்றுதான் ஞாபகம் வரவில்லை. மனைவியிடம் கேட்டேன். அவள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, மிதிகட்டையை மிதிக்க ஆரம்பித்திருந்த என் காலைப் பார்த்தாள்.