மார்ச் மாதப் புகை

சென்னகேசவன் எதையும் சுலபத்தில் நம்பமாட்டார். ஸ்பேனரை இரவல் கொடுத்தால், அது திரும்பி வரும்வரை வாங்கினவன் பின்னாலேயே நடப்பார். கோவைக்கு வெளியே ஒரு ராணுவ வண்டி முகாமில் அவர் தினக்கூலி மெக்கானிக், நான் டைப்பிஸ்ட். வேலை நிரந்தரமாகும் என்று ஒன்பது வருடமாகக் காத்திருந்தார். தொண்ணூற்றாறு ஏப்ரலில் பட்டியல் வருவதாக இருந்தது.

அதற்கு முந்தைய வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. வண்டிகள் கக்கும் கரிப்புகையைக் குறைக்க வேண்டும், தவறினால் முகாம் தலைவரே பொறுப்பு. பொறுப்பை ஏற்பதாக நான் டைப் அடித்த தாளில் முகாம் தலைவரான மேஜர் கையெழுத்துப் போட்டார்.

"ஏனுங்க, அதுல எனக்கொரு காப்பி வேணுங்க" என்றார் சென்னகேசவன்.

"உங்களுக்கு எதுக்குங்க?"

"நாளைக்கு இது எவன் தலையில விடியுமோ, யாருங்க கண்டா?"

சந்தேகப் பிராணி என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிறதோ இல்லையோ, தினமும் காலையில் நாற்பது லாரிகளையும் நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிடுவார்கள். பேட்டரி செத்துப்போகாமல் இருக்கவாம். சென்னகேசவன் மேஜரிடம் கேட்டு அதைப் பத்து நிமிடமாக்கினார். பேட்டரிகளைக் கழற்றித் தனியே சார்ஜ் போட்டார். புகை குறைந்தது. மேஜருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கிடங்கில் முப்பது பீப்பாய் டீசல் மிச்சமாகிவிட்டது.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"சும்மா யாராச்சும் டீசல் மிச்சம் புடிப்பாங்களா? இத்தன வருசம் வித்துப்போட்டு, இப்பப் பயந்து நிறுத்திப்போட்டாருங்க" என்றார் கிடங்குக்காரர் தம்பிதுரை. சென்னிமலை முருகன்மேல் சத்தியம் பண்ணு என்று சென்னகேசவனை எல்லோர் முன்பும் கேட்டார். வெட்கக்கேடு, நானும் பாதி நம்பினேன்.

மிச்சத்தைக் காட்டினால் அடுத்த வருட ஒதுக்கீட்டை வெட்டிவிடுவார்கள். அதனால் மார்ச் கடைசி வாரத்தில், எல்லா லாரிகளையும் நாள் முழுக்க ஓடவிட்டு டீசலைத் தீர்க்கச் சொன்னார் மேஜர். வாயால்தான் சொன்னார். என்னிடம், 'மெக்கானிக் கேட்டுக்கொண்டபடி எஞ்சின் சோதனை' என்று டைப் அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

சென்னகேசவன் அதில் கையெழுத்துப் போடவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காப்பியை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"ஐயா, பொறுப்புன்னு உங்க பேருதானுங்க இருக்குது. ஓட்டச் சொல்லி எழுதிக் குடுங்க, இப்பவே ஓட்டறேனுங்க."

மேஜர் எழுதிக் கொடுக்கவில்லை. நான் அடித்த தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். ஒரு லாரியும் ஓடவில்லை. எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஏப்ரலில் நிரந்தரப் பட்டியலையும் நான்தான் டைப் அடித்தேன். பதினோரு பெயர்கள். சென்னகேசவன் பெயர் இல்லை. மேஜரிடம் ஏன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று மத்தியானம் கிரீஸ் கையோடு வந்து நின்றார். பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு யாருங்க பொறுப்பு?"

நான் டைப்ரைட்டரில் புதுத் தாள் ஒன்றைச் செருகினேன்.

"செரி, ஒரு காப்பி குடுங்க."

கொடுத்தேன். நாலாக மடித்து, பழைய காப்பியோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். ஸ்பேனரை இரவல் வாங்கினவனைப் பார்க்கிற அதே பார்வை.