மஞ்சள் பந்தலில் எடுத்த படம்

போன வாரம் என் அக்காவுக்கு மறுபடியும் மஞ்சள்காமாலை வந்தது. உடம்பில் அல்ல — ஃபோட்டோவில்!

அக்கா மகள் மெர்சிக்குக் கல்யாணம். சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அக்கா, மெர்சி, நான் மூவரும் வீட்டு வாசலில் நின்று என் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். தலைக்கு மேலே மஞ்சள் துணிப் பந்தல். படத்தில் எல்லோருமே மஞ்சள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அக்கா மகன் ஜெபின் குவைத்தில் இருக்கிறான். தங்கை கல்யாணத்துக்கே லீவு கிடைக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு அம்மாவுக்குக் காமாலை என்று கேள்விப்பட்டதிலிருந்து, குணமாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்ப மறுக்கிறான். மறுநாள் குவைத் புறப்படும் ஒருவரிடம் இந்தப் படத்தைத்தான் கொடுத்தனுப்ப வேண்டும்...

நமக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே! படத்தைத் திறந்தேன். 'இதுதான் வெள்ளை' என்று சாஃப்ட்வேருக்குக் காட்டும் சொட்டுக்குழாய்க் கருவியை எடுத்து மெர்சியின் கல்யாணப் புடவையில் ஒரு க்ளிக். மஞ்சள் போயே போச்சு. மூன்று பேரும் நீலமாகிவிட்டோம்!

கோட்டாறில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் பிலோமினா என்ற பெண். என் சாதனையைக் கேட்டுவிட்டு,

“சாரி வெள்ளையா, சந்தனமா?” என்றார்.

“சந்தனம்...”

“பின்ன அதப் போயி வெள்ளைன்னு காட்டுனா, அது அப்பிடியே நம்பிருமுல்லா?”

“அப்போ என் வேட்டி?”

“நீலம் முக்குனதுல்லா சார் அது!”

எவ்வளவு உண்மை! வெள்ளை என்று நாம் சத்தியம் செய்வதில் பாதி சந்தனம், மீதி சொட்டு நீலம்.

படத்தைப் பெரிதாக்கி, மெல்ல நகர்த்தி, என் தலையில் கொண்டுவந்து நிறுத்தினார். காதோர நரையில் ஒரே க்ளிக். அக்கா திரும்பி வந்துவிட்டாள் — அதே மாநிறம், தெளிந்த கண்கள்.

ஆசை யாரை விட்டது? “அக்காவைக் கொஞ்சம் வெளுப்பாக்கலாமே?” என்றேன்.

“வேண்டாம் சார். மவனுக்குத் தெரிஞ்ச நெறம் இதுதான். வெளுத்துப் போனாலும் அவனுக்குப் பயந்தான் வரும்.”

சாஃப்ட்வேர் என்னிடமும் இருக்கிறது. இந்தக் கண் இல்லையே!

நேற்று குவைத்திலிருந்து போன். “மாமா, அம்மைக்குச் சொகந்தான். மொகத்தப் பாத்தாலே தெரியுது...” குரல் உடைந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஒங்களுக்குத்தான் ரொம்ப நரைச்சுப் போச்சு!” என்றான்.

“அந்த நரைதான் படத்தைக் காப்பாற்றியது, இவளிடமும் சொல்!” என்று, கல்யாணத்துக்கு டை அடிக்காமல் வந்ததற்கு என்னைத் திட்டித் தீர்த்த மனைவியிடம் போனை நீட்டினேன்.