மணி அடிக்காத சந்திரம்மா

சந்திரம்மாவின் வலது கையை நசுக்கியது கடலை உடைக்கும் மெஷினின் பெல்ட். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், சிட்டிபாபு என்பவரின் மில்லில் நடந்தது. வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதற்காக இன்ஷூரன்ஸ் கட்டி வைத்தவர்களும் உண்டு. சிட்டிபாபு கட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மில்லில் அடிபட்டது என்று டாக்டர் எழுதிவிடுவார் என்று பயந்து, அவளை வண்டியில் ஏற்றிப் புத்தூருக்கு அனுப்பினார். அங்கே எலும்புக்கட்டுக்காரர்கள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். முறிந்த எலும்பென்றால் சேர்த்திருப்பார்கள். இது நொறுங்கிய எலும்பு. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

கட்டு அவிழ்த்த பிறகு சிட்டிபாபு அவளை மில் வாசலில் உட்கார வைத்தார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டரின் ஜீப் தெரிந்தால், அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் பெண்கள் பின்வாசல் வழியாக ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். உள்ளே நாலைந்து ஆண்கள் மட்டும் நிற்பார்கள். அவ்வளவு சிறிய இடம் சட்டத்தின் கண்ணில் ஆலையே இல்லை.

"உனக்குச் சோறு போடறவன் நான். ஞாபகம் வெச்சிக்கோ."

"மறப்பேனா மொதலாளி?"

அந்த ஊர் அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. ஆந்திராவுக்குப் போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். "மெட்ராசுக்காரன் கேஸ் போட்டா ஆந்திராக்காரன் தூக்கிப் போட்டுடுவான்," என்று சிட்டிபாபு எல்லார் காதிலும் விழச் சொல்லிச் சிரிப்பார். சந்திரம்மாவும் கேட்டிருந்தாள். அதனால் மெட்ராஸ் இன்ஸ்பெக்டர் வந்தபோது தண்டவாளத்தை ஓங்கி அடித்தாள்.

கூட வேலை செய்யும் செங்கம்மா அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் அவளைப் பிடித்துக்கொண்டாள். "கையைத் துன்னவனுக்கே காவல் காத்துக்கினு இருக்கியே, ரோஷம் இல்லியா உனக்கு?"

"இப்ப மாட்டினா தப்பிச்சிக்குவான்டி."

அறுபதாம் வருஷம் ஏப்ரலில் ஊர் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்தது. கொஞ்ச நாளில் சித்தூரிலிருந்து ஜீப் வந்தது. தூரத்தில் புழுதியைப் பார்த்ததும் சந்திரம்மா எழுந்து மில்லைச் சுற்றிப் போனாள். பின்கதவை வெளியிலிருந்து சாத்திக் கொண்டியைப் போட்டாள். திரும்பி வந்து இடது கையால் கேட்டைத் திறந்தாள். "லோபலிக்கி ரண்டி சார்," என்று உள்ளே அழைத்தாள்.

தலையெல்லாம் சிவப்புக் கடலைத்தோலோடு பெண்கள் பின்கதவருகே முண்டிக்கொண்டிருந்தார்கள். சிட்டிபாபு, "இவங்க வேலைக்காரங்க இல்ல சார். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்க," என்றார்.

"உங்கள் வீட்டில் அட்சதைக்குக் கடலைத்தோலா?" என்று இன்ஸ்பெக்டர் தெலுங்கில் கேட்டார். பிறகு சந்திரம்மாவின் கையைப் பார்த்தார்.

"மாடு முட்டிடுச்சு சார்," என்றார் சிட்டிபாபு.

"அந்த மாடு இங்கதான் ஓடிக்கினு இருக்குது சார்," என்று செங்கம்மா பெல்ட்டைக் காட்டினாள்.

மறுநாளே சிட்டிபாபு சந்திரம்மாவின் வீட்டுக்கு வந்தார். "மாட்டுக் கதை எடுபடல. வூட்ல விழுந்துட்டேன்னு சொல்லிடு. உன் பொண்ணு கல்யாணத்த நானே நடத்தறேன்."

"நான் விழல மொதலாளி. நீங்கதான் விழுந்துகினு இருக்கீங்க. பாக்க நல்லாத்தான் இருக்குது."

நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவாகி, அவளுக்குக் கிடைத்தும் விட்டது. மில்லை மறைத்து நடத்தியதற்கான கேஸ் மட்டும் சித்தூர் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது. அதில் அவள் சாட்சி சொல்லி முடித்தாயிற்று. இருந்தும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போகிறாள். அப்படிப் போகையில்தான் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"உனக்கு அங்க இன்னா வேலை?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அவரு கூண்டுல நிப்பாரு. நான் எதுர்ல குந்திக்கினு பாப்பேன்," என்றாள் சந்திரம்மா.