முகத்துவாரத்தில் போய் நின்றேன்

எண்பதுகளில் ஒரு வருடம், பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டது. கடல் தண்ணீர் வராவிட்டால் எங்களுக்கு இறால் கிடையாது. அரசாங்கம் தூர்வார வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்திருந்தோம். அப்போதுதான் எம்.எல்.ஏ.வையும் குப்பத்து மீனவர் ஒருவரையும் பேட்டி எடுக்க டிவிக்காரர்கள் வந்தார்கள்.

பி.ஏ. படித்தவன் நான் இருக்கிறேன். குப்பத்தில் என்னவோ, பேட்டியில் யார் பேசுவது என்று முடிவுசெய்ய, வலை போடும் இடத்தைப் பிரிப்பதுபோலச் சீட்டுக் குலுக்கினார்கள். என் நண்பன் தேசப்பன் பெயர் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என் முகமும் டிவியில் தெரியட்டும் என்று, எம்.எல்.ஏ.வும் தேசப்பனும் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால், முகத்துவாரத்தின் நட்டநடுவில் போய் நின்றேன். கால்கூட நனையவில்லை.

“முகத்துவாரம் திறந்துதான் இருக்கு” என்றார் எம்.எல்.ஏ.

“மூடிக்கிச்சு சார்” என்றான் தேசப்பன்.

பேட்டி எடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டார். “தம்பி, ஒதுங்குப்பா. நீ அங்க நின்னா நாங்க ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி ஆயிடும்.” கேமரா கலங்கரை விளக்கத்தின் பக்கம் திரும்பியது.

ஊர் டிவியில் எல்லோரும் பார்த்தோம். இருவருக்கும் சரிசமமாக நேரம். “முடிவை நேயர்களுக்கே விடுகிறோம்” என்று முடித்துக்கொண்டார்கள்.

“இன்னாடா, என் மூஞ்சி நல்லா வந்துச்சா?” என்று சிரிக்கப் பார்த்தான் தேசப்பன். சிரிப்பு வரவில்லை. “நீ நின்ன எடத்தக் காட்டியிருந்தா போதும்டா. நான் வாயே தொறந்திருக்க வேணாம்.”

அந்த வருடம் யாரும் தூர்வார வரவில்லை. தேசப்பன்மேல் இருந்த பொறாமை அன்றே போய்விட்டது. அந்தப் பொய்மேல்தான் இன்னும் பொறாமை. அதற்கு நாற்காலி போட்டுப் பாதி நேரமும் கொடுத்தார்கள். கண்ணெதிரே கிடந்த மணலுக்கு ஒரு நொடிகூடக் கொடுக்கவில்லை.