பிரசிடெண்டுகளுக்குப் பொட்டு வைத்தவள்

அந்தப் பத்திரிகை அட்டைப்படத்து மனிதருக்கு வட்டக் கண்ணாடி, இறுக மூடிய வாய், விறைப்பான வெள்ளைக் காலர். நெற்றி நடுவில் காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு. அமெரிக்க தேசத்தில் பிரசிடெண்டு பதவிக்கு நின்றவர் அவர். ரங்கூனில், லான்மடாவ் பேட்டைத் தெருவொன்றில், எங்கள் அண்ணியின் சாப்பாட்டுக் கடை அடுக்களையில், ரசம் கொதிக்கிற அடுப்புக்கு நேர் மேலே பலகைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தார். இன்னார்தான் ஜெயிப்பார் என்று முடிவு கட்டிவிட்டால் அண்ணி அவருக்குப் பொட்டு வைத்துவிடுவாள். பிறகு யார் என்ன சொன்னாலும் அழிக்க மாட்டாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் குடும்பத்துப் பையன் ஒருவன் இதைக் கதையாக எடுத்துவிட்டான். அமெரிக்காவில் யார் ஜெயிப்பார் என்று ஆரூடம் சொன்னவள், சொந்த ஊரில் ஓட்டுப் போடப் போய், ஓட்டு இல்லை என்று திரும்பி வந்தாளாம். வந்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவனுக்குக் கதையில் பாதிதான் தெரியும். மற்ற பாதி என்னிடம் இருக்கிறது. அதைத் தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கதை. சாப்பாட்டுக் கடை அவளுடைய அப்பா வைத்தது. அவர் காலமான பிறகு கடையும் கட்டடமும் அவள் பெயருக்கு வந்தன. நகரசபை வரிச்சீட்டும் அவள் பெயரிலேயே வந்தது. அண்ணன் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புகளுக்கு வாத்தியாரம்மா. வயது பத்தொன்பது. இங்கிலீஷ் தெரியும் என்கிற மிதப்பு தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கும். அண்ணிக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது. பலகாரம் மடித்துக் கொடுக்கப் பழைய காகிதம் வேண்டுமே, அதைப் பபேடான் பேட்டையிலிருந்து ஒரு ராவுத்தர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டு எறிந்த பத்திரிகைகள் அதில் நிறைய இருக்கும். உள்ளே இருக்கிற தாளையெல்லாம் வடைக்கும் முறுக்குக்கும் கிழிப்பாள். அட்டையை மட்டும் தொடமாட்டாள்.

சுவரின் இடது பக்கம் பிரசிடெண்டுக்கு நிற்கிறவர்கள், வலது பக்கம் சினிமாக்காரிகள். ஆரம்பத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது. பத்திரிகை அட்டையில் வருகிற எல்லாருமே தேர்தலில் நிற்கிறவர்கள் என்றுதான் அண்ணி நினைத்திருந்தாள். ஒரு நாள், கழுத்தோடு முடியை வெட்டிக்கொண்டு முத்துமாலையைக் கடித்தபடி நின்ற ஒருத்தியைக் காட்டி, "இவ எந்தக் கட்சி பாப்பா?" என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இவ கூத்தாடி, அண்ணி. பிரசிடெண்டுக்கு நிக்கிறவ இல்ல."

"ஏன், நிக்கக் கூடாதா?"

"அந்தப் பதவிக்கு இதுவரைக்கும் ஒரு பொம்பளையும் வந்தது இல்ல. ஆனா அங்க பொம்பளைங்க ஓட்டுப் போடறாங்க."

"போடறாங்களா?" என்றாள் அண்ணி. கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சுவர் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. படத்துக்குக் கீழே இருந்ததை நான் படித்துச் சொல்ல வேண்டும். இவர் எந்த மாகாணத்துக் கவர்னர், இவருக்கு எத்தனை பிள்ளைகள், சாராயம் வேண்டும் என்கிறாரா வேண்டாம் என்கிறாரா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி முகத்தைப் பார்ப்பாள். ஒருவர் தூண்டிலில் பிடித்த மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். "மீன் பிடிச்சா பிரசிடெண்டா? அப்ப நம்ம ஆத்துல சம்பான் படகு தள்ளுறவன் அத்தனை பேரும் பிரசிடெண்டுதான்" என்று அவரைத் தள்ளிவைத்தாள். எல்லாப் படத்திலும் பல் தெரியச் சிரித்தவரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "இவன் முடியாதுன்னு சொல்லத் தெரியாதவன். கேட்டவனுக்கெல்லாம் ஆகட்டும்னு சொல்லிட்டு ஒண்ணும் செய்யமாட்டான்" என்றாள். நாற்பது பேருக்குத் தினமும் சோறு போடுகிறவளுக்கு மனிதர்கள் முகம் தெரியாதா?

இதில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. தேர்தல் முடிந்த மறுநாளே தந்தியில் சேதி வந்து அண்ணனுடைய ஆபீஸ் பூராவும் தெரிந்துவிடும். அண்ணி மட்டும் காதைப் பொத்திக்கொள்வாள். "கப்பல் வரட்டும்" என்பாள். அட்டைப்படம் கையில் வருகிறவரைக்கும், இரண்டு மாதமோ மூன்று மாதமோ, லான்மடாவில் அந்தத் தேர்தல் முடியாது. கடையில் சாப்பிட வருகிற துறைமுகத்து ஆட்களும் இதைத் தெரிந்துகொண்டு, முடிவு தெரிந்தும் வாயைத் திறக்கமாட்டார்கள். தெருவில் அவளுக்கு 'அமெரிக்காக்காரி' என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். அண்ணனும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு ரங்கூன் நகரசபைக்குத் தேர்தல் வந்தது. வரி கட்டுகிற பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்ற நோட்டீஸை அண்ணிக்குப் படித்துக் காட்டியதும் நான்தான். மூன்று தரம் படிக்கச் சொன்னாள். "நம்ம ஊருலயா? எம் பேருலயா?" என்று கேட்டு, வரிச்சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் பகுதியில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் வக்கீல், மற்றவர் அரிசி வியாபாரி. அரிசி வியாபாரி அண்ணன் இருந்த சங்கத்துக்குத் தலைவர். ஓட்டை யாருக்குப் போட்டோம் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, கட்டின புருஷனுக்குக்கூட, என்று நான் சொன்னபோது அண்ணி குழந்தை போலச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வக்கீல் அண்ணி நின்ற பக்கமே திரும்பவில்லை. "உங்க வீட்டு ஓட்டு எனக்குத்தான்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அரிசி வியாபாரியும் அண்ணனிடம்தான் கேட்டார். ஆனால் அண்ணி அடுக்களை வாசலில் வந்து நின்று, "தெருச் சாக்கடை மழைக்குக் கடைக்குள்ள வருதே, அதுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டபோது, அவர் அவளைப் பார்த்துப் பதில் சொன்னார். "முடியுமான்னு தெரியலை ஆச்சி. கேட்டுப் பாக்குறேன்." அவர் போனதும் அண்ணி அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். யாருக்கும் அவள் பொட்டு வைக்கவில்லை. ரகசியம் என்றால் ரகசியம்தானே.

அண்ணன் அதற்குள் 'வீட்டு ஓட்டு' தலைவருக்குத்தான் என்று சங்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன் பெண்டாட்டி வீட்டு நெய்யையே ஊருக்கு வார்த்தான். தேர்தலன்று காலையில், அண்ணி உலை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆம்பளைங்க கூட்டத்துல போய் நின்னு தப்பாப் போட்டுட்டா எனக்குத்தான் தலைகுனிவு. சங்கத்து வண்டி வந்திருக்கு. நீ முக்காடு போட்டுக்கிட்டுப் போய் அவ பேருல போட்டுட்டு வந்துடு."

"அண்ணிகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். சரின்னுட்டா."

பொய் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். பத்தடி தள்ளி அடுப்படியில் இருந்தவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணனுக்குப் பயந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. சுவரில் படம் ஒட்டுகிறவளைவிட, படித்தவளான நான் போட்டால் ஓட்டு ஒழுங்காக விழும் என்று என் மனசிலும் ஒரு எண்ணம் இருந்தது. திரை போட்ட குதிரை வண்டியில் போனேன். அரிசி வியாபாரிக்குப் போட்டேன். அண்ணியின் பெயரை இங்கிலீஷில் அழகாகக் கையெழுத்திட்டேன்.

பகல் பந்தி முடிந்ததும் அண்ணி கடையைச் சாத்தினாள். அவள் அப்பா செத்த அன்றைக்குப் பிறகு அந்தக் கடை பகலில் சாத்தியதே கிடையாது. தலை முழுகி, கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, வரிச்சீட்டோடு வந்து என் முன்னால் நின்றாள். "வா பாப்பா. பேரை மட்டும் படிச்சுச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஓட்டுச்சாவடி வரைக்கும் அவளோடு நடந்தே போனேன்.

மேஜையில் இருந்த பர்மாக்கார அதிகாரி பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில், "அம்மா, உங்க ஓட்டு போட்டாச்சு. கையெழுத்து இருக்கு" என்றார். "கையெழுத்தா? எனக்குப் போடத் தெரியாதே ஐயா. நான் கைநாட்டுக்காரி" என்று அண்ணி பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் சங்கடத்தோடு புத்தகத்தை மூடினார். "அமெரிக்காக்காரிக்கு இங்க ஓட்டு இல்லியாம்டா!" என்று வரிசையில் நின்ற எவனோ சொன்னான். எங்கள் கடைச் சோற்றைத் தினமும் தின்றவன்தான். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். தூக்கின விரலை இறக்க மறந்து அண்ணி நின்றுகொண்டிருந்தாள். போன மாதம் கல்யாண வீட்டில் நான் கேட்டதும் அதே சிரிப்புதான்.

வீடு வந்து சேர்ந்ததும் சொல்லிவிட்டேன். அண்ணனும் அப்போது இருந்தான். அண்ணி என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாருக்குப் போட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

"அரிசிக்காரருக்கு."

"நானும் அவருக்குத்தான் போடறதா இருந்தேன்."

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "அப்புறம் என்ன? ஒண்ணுதானே! இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு!"

அண்ணி அவனைப் பார்த்தாள். பத்திரிகை அட்டைகளைப் பார்ப்பதுபோல, நிதானமாக, எடை போட்டுப் பார்த்தாள். "எனக்குப் போட்ட இலையில நீங்க உக்காந்து தின்னுட்டு, நீயும் இதே சோத்தைத்தானே தின்னிருப்பேங்கறீங்க" என்றாள். பிறகு சாயங்காலப் பந்திக்கு அரிசி களையப் போய்விட்டாள். ஒரு பெண்ணின் ஒரே ஒரு ஓட்டைத் திருடிவிட்டு, சரியான பெட்டியில்தானே விழுந்தது என்று சொல்கிறவனை என்னவென்று சொல்வது? என் கூடப்பிறந்தவன் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த நகரசபைத் தேர்தலுக்கு அண்ணி விடிந்ததும் விடியாததுமாகப் புறப்பட்டாள். வண்டி வேண்டாம் என்றுவிட்டாள். அவள் கூப்பிடாமலே நான் பின்னால் போனேன். அண்ணி பெருவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தாள். பிறகு, அந்த மேஜையில் இருந்த முன்பின் தெரியாத பர்மாக்காரரிடம் ஓட்டுச்சீட்டை நீட்டி, "இதுல இருக்கற பேரைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க ஐயா" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி பக்கத்திலேயே நிற்கிறாளே என்று நினைத்திருப்பார். "அவ வேண்டாம்" என்றாள் அண்ணி.