அஸீஸ் நானா தேய்த்த பிளேட்டு

பதுளைக் கடைத்தெருவில் கோட்டுத் தைக்கிற அஸீஸ் நானாவைப் பற்றி யாராவது நாலு வரி எழுதுவார்கள் என்று வெகுநாள் பார்த்தேன். ஒருவரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. துரைமார் அவர் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்தார்கள், கண்ணாடி முன் திரும்பிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஆகவே நான் எழுதுகிறேன். நான் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் டிஸ்பென்சர். தோட்டத்தார் மரியாதைக்கு டொக்டரய்யா என்பார்கள். பெயர் பொன்னையா. மருந்து கலக்கிப் பழகிய கை என்பதால் எழுத்து அங்கங்கே கசக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஸீஸ் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம்) அந்தக் கடைத்தெருவிலேயே பிறந்து, எட்டு வயதில் தகப்பனாரிடம் காஜா எடுக்க உட்கார்ந்தவர். அளவெடுக்கப் பங்களா பங்களாவாகப் போகிற தொழில். போன இடத்தில் முதல்முதல் கிராமபோனைக் கேட்டவருக்கு அன்றோடு புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் மனைவி லரீபா சொல்வார். ஓரம் உடைந்தது, கீறல் விழுந்தது, துரைசாணிக்கு அலுத்துப்போனது என்று எந்தப் பாட்டுப் பிளேட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். நான் அவரை அறிந்தபோது நூற்று நாற்பது பிளேட்டுக்கு மேல் இருந்தது. கோட்டு உள்துணியில் மிஞ்சிய துண்டுகளால் ஒவ்வொன்றுக்கும் உறை தைத்திருந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கேட்க வேண்டியதற்குச் சிவப்பு நூல். வீட்டில் சண்டை நடந்த அன்று கேட்கக் கூடாததற்குக் கறுப்பு நூல். இப்படி ஒரு பைத்தியம்.

நான் போனது கோட்டுக்கு. மாகாண டொக்டர் தோட்டத்தைப் பார்வையிட வருகிறார் என்று அலறியடித்துக்கொண்டு ஓடினேன். நாடாவைத் தோளில் போட்டு அளந்துகொண்டே, பின்னால் ஒரு வயலின் பிளேட்டை ஓட விட்டிருந்தார். கோட்டை மறந்துவிட்டு நான் நின்றேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறு பழைய கிராமபோன் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார். பிறகு ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு எனக்கு வேறு வேலை என்று எதுவும் இருந்ததில்லை.

மூன்றாவது ஆள் இத்ரூஸ் முதலாளி. மொத்த மளிகை வியாபாரம். கொழும்பிலிருந்து புதுப் பிளேட்டாக வரவழைப்பார், பழசைத் தொட்டால் கையைத் துடைத்துக்கொள்வார். நல்ல மனுஷர்தான், ஆனால் அது வெளியே தெரிவது அவருக்குப் பிடிக்காது.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. அதை வைத்தவர் அஸீஸ் நானா. ஒருவருக்கு ஒரு பிளேட்டைச் சிபாரிசு செய்தால், அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்மை சொல்ல வேண்டும். 'நல்லா இருக்கு' செல்லாது. 'பரவாயில்லை' என்றால் இன்னொரு வாரம். "கோட்டு நல்லா இரிக்கின்டு சொன்னா எனக்கு என்ன வெளங்கும்? கக்கத்துல பிடிக்குதுன்டு சொல்லுங்க, அது பேச்சு" என்பார். ஒரு தடவை இத்ரூஸ் முதலாளி ஒரு பாட்டைப் பற்றி, "மழைக்கு மொதல்ல என்ட கடை மாதிரி இரிக்கி, ஆளில்ல, ஆனா வருவாங்க" என்றார். அஸீஸ் நானா எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

யாருக்கு எந்தப் பிளேட்டு என்பதில் நானா தவறியதேயில்லை. நாடாவைச் சுற்றும்போது மனிதன் எப்படி மூச்சு விடுகிறான், எங்கே தோளை இறுக்குகிறான் என்று பார்த்து வைத்துக்கொள்வார். காய்ச்சலைக் கையால் பார்க்கிற எனக்கே அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

பதுளைக்கு ரயில் வந்ததற்கு அடுத்த வருடம், எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பினார். பங்களாச் சாமான் ஏலத்தில் இத்ரூஸ் முதலாளி இன்னும் பிரிக்காமலே கிடந்த ஒரு பெட்டிப் பிளேட்டை எடுத்தார். அதில் ஒன்று ஜாஸ். அந்தச் சொல்லையே அன்றுதான் கேட்டோம். நானாவின் கடையில் வைத்துப் போட்டதும் முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். ஊதுகிறவன் ஒரு பக்கம் இழுக்கிறான், இன்னொருவன் மறு பக்கம் ஓடுகிறான், நடுவில் ஒருவன் கட்டையிலும் தோலிலும் அடித்துத் தள்ளுகிறான். கடையையும் வீட்டையும் பிரிக்கிற திரைக்குப் பின்னாலிருந்து லரீபா, "அங்க என்ன, பாத்திரமெல்லாம் விழுந்திட்டா?" என்று கேட்டார்.

அஸீஸ் நானா மட்டும் சிரிக்கவில்லை. பிளேட்டைத் துடைத்து, கட்டம் போட்ட உள்துணி உறையில் போட்டு, என் கையில் கொடுத்தார்.

"முதலாளி அனுமதி தந்தா, இது டொக்டருக்கு."

"எனக்கா? நான் என்ன பாவம் செஞ்சேன் நானா?"

"கேட்டுட்டு வாங்களேன். அளவெடுக்கக்குள்ள உங்கட விரல் சும்மா இரிக்கிறல்ல. என்னமோ தட்டிக்கிட்டே இரிக்கி. இந்தப் பாட்டுலயும் அதே தட்டுதான் கேக்குது."

எனக்குச் சுருக்கென்றது. மறைத்து வைத்ததை ஒருவன் தெரியாமல் தொட்டுவிட்டால் வருமே, அந்தக் கோபம்.

மறைத்து வைத்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா கந்தப்பன், கொஸ்லந்தைப் பக்கத் தோட்டமொன்றில் தப்படிக்கிறவர். விடியலில் ஆட்களைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, எழுப்ப அவர் தப்புத்தான் முழங்கும். சாவுக்கும் அதுதான், திருவிழாவுக்கும் அதுதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்து நான் டிஸ்பென்சராக வந்தபோது, பெரிய கங்காணி, "ஒங்கப்பா என்ன செய்றாரு?" என்று கேட்டார். தப்படிக்கிறவர் மகன் கொடுக்கிற மருந்தை இவர்கள் வாங்கிக் குடிப்பார்களா என்று பயந்து, "அவரு இல்லைங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அப்பாவைக் கொன்றேன். வருடத்துக்கு ஒரு தடவை ஒளிந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவர் என்னை ஒன்றும் கேட்டதில்லை. "வாங்க" என்பார், "போயிட்டு வாங்க" என்பார்.

அந்தப் பிளேட்டை டிஸ்பென்சரியில் தனியாக இருக்கும்போது போட்டேன். இரண்டாம் தடவை போட்டபோது என் விரல் மேசையில் தானாக ஓடியது. அப்பாவின் கை. அதே ஓட்டம், அதே நிறுத்தம். அடுத்த ஞாயிறு இதைப் பற்றி ஒரு வார்த்தை உண்மை சொல்ல வேண்டும்! எந்த உண்மையைச் சொல்வது?

மருந்து ஊசி அவிக்கிற பாத்திரம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பிளேட்டை அதன் மூடிமேல் வைத்துவிட்டுப் புண்ணுக்குக் கட்டுப்போடப் போனேன். மறந்து வைக்கவில்லை, வேண்டுமென்றுதான் வைத்தேன். திரும்பி வந்தபோது அது அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. மனம் லேசாகிவிட்டது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு போய், "கை தவறிச் சூட்டில வச்சிட்டேன் நானா" என்றேன்.

அஸீஸ் நானா பிளேட்டைத் தடவிப் பார்த்தார். வேறு யாராவது என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெயில் காட்டியிருப்பார்கள். அவர் தையல்காரர். நெளிந்ததைக் கண்டால் அவருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். ஈரத் துணியை விரித்து, கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, காலர் தேய்க்கிற மாதிரி தேய்த்தார். பிளேட்டு நேராகத்தான் வந்தது. ஆனால் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குக் கோடெல்லாம் உருகி மழமழவென்று ஆகிவிட்டது. மேல்பக்கம் பாட்டில் பாதிதான் மிச்சம். அடிப்பக்கம் முழுக்கப் போயிற்று.

அந்த நேரம் பார்த்து இத்ரூஸ் முதலாளி உள்ளே வந்தார்.

"இது என்ன வேல அஸீஸ்? யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறக்குமுன் நானா சொன்னார். "நான்தான் முதலாளி. சும்மா கொஞ்சம் நெளிஞ்சிருந்திச்சி. என்ட மடத்தனம், பொட்டிய வச்சிட்டன்."

"என்ட சாமான எரிக்கத்தான் ஒங்கள்ட்ட தந்தேனா?" முதலாளி தன் மற்றப் பிளேட்டுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு, கெட்டுப்போனதை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டு, இனி இந்தப் படி ஏறமாட்டேன் என்று போய்விட்டார். நான் ஊமை மாதிரி நின்றேன்.

நாலு ஞாயிறு அவர் வரவில்லை. நானாவும் நானும் மட்டும் உட்கார்ந்து கேட்டோம். பாட்டில் நல்ல இடம் வரும்போதெல்லாம் நானா பழக்கத்தில் முதலாளியின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார். நான் ஏன் அதைச் சூட்டில் வைத்தேன் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஐந்தாம் ஞாயிறு மட்டும், நூலைக் கோர்த்துக்கொண்டே, "டொக்டர், அந்தப் பிளேட்டப் பத்தி நீங்க இன்னம் ஒரு வார்த்தையும் சொல்லல்ல" என்றார்.

அவ்வளவுதான். எல்லாம் கொட்டிவிட்டது. தப்பு, அப்பா, கங்காணியிடம் சொன்னது, கொதித்த பாத்திரம், எல்லாம். நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் கேட்டு முடித்து, "இத முதலாளிட்டயும் சொல்லணும்" என்றார். "நான் சொல்ல ஏலா. இது உங்கட வார்த்த."

மளிகைக் கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நின்று இரண்டாம் தடவை சொன்னேன். இத்ரூஸ் முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"அப்ப என்ட பிளேட்டு நல்ல பிளேட்டா, கெட்ட பிளேட்டான்டு சொல்ல இந்த மலைநாட்டுல ஒரு ஆள் இரிக்கிறாரு. ஒங்கட அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம நானும் வாறன்" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அப்பா கொஸ்லந்தையிலிருந்து ஹப்புத்தளை வரை நடந்து வந்து ரயிலேறினார். வேட்டி வெளுத்துக் கட்டியிருந்தார். எதற்கு வரச்சொன்னேன் என்று கேட்கவில்லை. ஒரு பாட்டுக் கேட்க வேண்டும் என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன். நானாவின் கடையில் எவ்வளவு சொல்லியும் நாற்காலியில் உட்காராமல் பெஞ்சு ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்.

அஸீஸ் நானா ஊசியை மழமழப்பைத் தாண்டி வைத்தார். பாட்டுப் பாதியிலிருந்து கிளம்பியது. அப்பா தலையைச் சாய்த்தார். அவருடைய விரல்கள் முழங்காலில் ஓடின. முடிந்ததும் நானா எங்கள் முறையைச் சொல்லி, ஒரு வார்த்தை கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அடிக்கிறவன் கெட்டிக்காரனுங்க. இவன் தான் கேக்கணும்னு அடிக்கல. ஊதுறவனுக்கு எடம் விட்டு எடம் விட்டு அடிக்கிறான். கூட்டத்துல ஒருத்தன் தடுமாறினா, இவன்தான் பிடிச்சுக்குவான்."

எத்தனையோ வருடம் பிளேட்டுச் சேர்த்த மூன்று பேர் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் வாயில் வராத வார்த்தை.

திரைக்குப் பின்னாலிருந்து லரீபாவின் குரல் வந்தது. "யாரு அது, இவ்வளவு அழகாச் சொல்றது?" நான் சொன்னதை நானா தன் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்பா சட்டென்று எழுந்து நின்றார். "நான் கொஸ்லந்தைப் பக்கத்து ஆளுங்கம்மா. டொக்டரய்யாவுக்குத் தெரிஞ்சவன்."

நான் சொன்ன பொய்யை இத்தனை வருடமும் அவரும் சேர்ந்து காப்பாற்றி வந்திருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

இத்ரூஸ் முதலாளி கூரையைப் பார்த்தார். அஸீஸ் நானா என்னைப் பார்க்கவில்லை, எனக்காகப் பேசவும் இல்லை. முன்பு என் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட மனுஷர், இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கைகொடுக்காமல் சும்மா இருந்தார். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

"எங்க அப்பாங்கம்மா" என்றேன் திரையைப் பார்த்து. "பேரு கந்தப்பன்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலியில்.

"இன்னொருக்கா போடச் சொல்லு பொன்னு" என்றார்.

நான் டிஸ்பென்சர் ஆன நாளிலிருந்து அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.