சாட்சிக்கு ஆகாத மாப்பிள்ளை

எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டு வண்டி எடுக்கிற ஆள் இல்லை எங்கள் மாமா. போய்ச் சேர்ந்த பிறகு நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அம்மாவின் அண்ணன், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கியா பார்ம் என்கிற மலையூரில் ஒரு சீன முதலாளியிடம் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பல வருடம் கோஸும் தக்காளியும் ஏற்றி இறக்கி, ரிங்லெட்டில் ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். உயில் எழுதிய விஷயத்திலும் அவர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை லாயரம்மாவின் கார் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன், பத்து வயது. மறுநாள் மாமா ஈப்போவுக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், இருதயத்தில் ஆபரேஷன்; அதனால் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் இந்த லாயரம்மா வந்து, உயில் எழுதாமல் ஒருவர் போய்விட்டால் குடும்பம் என்ன பாடுபடும் என்று பேசியிருக்கிறார். மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டிருக்கிறார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர் எழுதாமல் போனால், வீடு கூடப்பிறந்தவர்கள் எல்லாருக்கும் பங்காகிவிடும். கிள்ளானில் இருந்த பெரிய மாமாக்கள் இரண்டு பேரும் வீட்டை விற்றுப் பங்கைக் கொடு என்பார்கள். எங்களுக்கோ தேயிலைத் தோட்டத்து வீடு, வேலை இருக்கிறவரைக்கும்தான். ஆலையில் வேலை முடிந்ததும் அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கே போவார் என்பதுதான் அம்மாவின் நெடுநாள் கவலை.

அப்பா அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பாக்கெட்டில் புதுப் பேனாவும் செருகியிருந்தார். குடும்பத்தில் எந்தக் காரியமானாலும் தாம்பூலத் தட்டு முதலில் மாப்பிள்ளை கைக்குத்தான் வரும். கல்யாணப் பதிவானாலும் கடன் பத்திரமானாலும் சாட்சிக் கையெழுத்தும் அவருடையதுதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப்போனார்.

“மாப்பிள்ளை, நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க,” என்றார் மாமா.

அப்பா முகம் செத்துவிட்டது. சாட்சிக்கு வேறு யார் என்று கேட்டார். லோரி முதலாளியும் பக்கத்து வீட்டுக்காரரும் என்றார் மாமா. பக்கத்து வீட்டுக்காரரோடு எங்களுக்கு மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் கோழி எங்கள் கீரைப் பாத்தியைக் கிளறிய தகராறு. அந்த மனிதர் தலை சீவி, திருநீறு பூசி உள்ளே வந்து அப்பா இழுத்துப் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அப்பா பின்பக்கம் போய், ஏற்கெனவே பிளந்து வைத்திருந்த விறகை மறுபடியும் பிளக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. மாமாவை அன்றைக்கு நான் மனதாரச் சபித்தேன்.

கையெழுத்தெல்லாம் ஆனது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் லோரி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தோட்டத்து டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். லோரி ரிவர்ஸ் எடுக்கும்போது கை காட்டாமல் சும்மா நிற்கிற மனிதர் எங்கள் தோட்டத்தில் பிறக்கவில்லை. எல்லாரும் வெளியே ஓடினார்கள். வேடிக்கை பார்க்க லாயரம்மாவும் எழுந்து வாசலுக்குப் போனார்.

மேசைமேல் காகிதமும் பேனாவும் தனியாகக் கிடந்தன. கணக்குப் பாடம் என் கையில் அடங்காததால், அப்பாவின் கையெழுத்தை நான் நன்றாகவே பழகி வைத்திருந்தேன். பரீட்சை ரிப்போர்ட்டில் இரண்டு முறை போட்டு டீச்சரிடம் மாட்டாமல் தப்பித்தவள். இரண்டு சாட்சிகளுக்கும் கீழே, அப்பாவுக்குச் சேர வேண்டிய மரியாதையை என் கையாலேயே போட்டு முடித்தேன். சுழி, வளைவு, அடியில் இழுப்பு எல்லாம் அச்சு அசலாக வந்தது. சாமி படத்தைத் துடைக்கிறவள்போல் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்த லாயரம்மா காகிதத்தை எடுத்தார். மூன்றாவதாக இது யார் என்று கேட்டார். மாமா பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையெல்லாம் மரத்தூளோடு வந்து, காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டிலிருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார்.

“நான்தான் போட்டேன்,” என்றார்.

சமையலறை வாசலில் நின்ற அம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார்.

லாயரம்மா கோபப்படவில்லை. “அண்ணே, சாட்சி போடுறவங்களுக்கும் அவங்க சம்சாரத்துக்கும் உயில்ல ஒண்ணும் கிடைக்காது, அதான் சட்டம். இவரு வீட்டைத் தங்கச்சி பேருக்கு எழுதியிருக்காரு. நீங்க கையெழுத்துப் போட்டா உங்க சம்சாரத்துக்கு வீடு இல்லாமப் போயிடும்லா,” என்றார்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வீடு அம்மாவுக்கு என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா அப்பாவின் தோளைத் தொட்டு, “சொல்லியிருக்கணும் மாப்பிள்ளை. தப்பு எம்மேலதான்,” என்றார். மாமா தப்பு என்று ஒப்புக்கொண்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

அந்தக் காகிதம் இனி உதவாது, பின்னால் யாராவது வழக்குப் போட்டால் சிக்கல் என்று லாயரம்மா அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். ரிங்லெட்டுக்குப் போய்ப் புதிதாக அச்செடுத்து வர ஒன்றரை மணி நேரம் ஆனது. லோரி நிறைய கோஸ் ஏற்றி வைத்திருந்த முதலாளி, பரவாயில்லை என்று சொல்லி அம்மா போட்ட தேநீரை மூன்று கோப்பை குடித்தார். மழை வந்துவிட்டது. இரண்டாம் முறை கையெழுத்துப் போட்டபோது அப்பா யாரும் சொல்லாமலே எழுந்து போய், எதிர்ச் சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குடைகூட இல்லாமல் நின்றார். எல்லாம் முடிந்து கார் கிளம்பிய பிறகுதான் இறங்கி வந்தார். கோபம் தீரவில்லைபோலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

மாமா பிழைத்து வந்தார். இன்றைக்கும் இருக்கிறார், திடமாக. அப்பா ஓய்வு பெற்றதும் நாங்கள் எல்லாரும் ரிங்லெட் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். உயில் லாயரம்மாவின் பெட்டியில் வேலையில்லாமல் கிடக்கிறது. இன்னும் நெடுங்காலம் அப்படியே கிடக்கட்டும்.

அன்றைக்கு என் பெயர் வெளியே வராததில் எனக்கு ஒரே நிம்மதி. விறகு பிளந்த களைப்பில் அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, தானே போட்டதாக நம்பிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் கைவேலை அவ்வளவு நேர்த்தி என்று உள்ளுக்குள் பெருமைகூட. தான் போடாத கையெழுத்தைத் தன்னுடையது என்று நாலு பேர் முன்னால் சொன்னவர், அதைப் போட்டது யார் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னார் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.